பாலம் தாண்டினால் வேற பனி

தை மாதம் விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்பு கல்லடியில் கேற்றைத் திறந்தால் பனி என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மோட்டார் சைக்கிள் சீற்றில் கொஞ்சம் ஈரம், தெருவிளக்கைச் சுற்றி ஒரு மங்கல், அவ்வளவுதான். ஆனால் அதே விடியலில் டவுனைக் கடந்து வலையிறவுப் பாலம் ஏறி வவுணதீவுப் பக்கம் இறங்கி, ஆயித்தியமலை றோட்டில் வயல் தொடங்கும் இடத்துக்குப் போனால் முன்னால் போகிற ட்ரக்டரின் பின்லைற்கூடத் தெரியாது. கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்கும் மேற்கே இருக்கிற படுவான்கரைக்கும் நடுவில் ஒரு வாவிதான், அதுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

காரணம் நிலத்தில்தான் இருக்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீற்றும் தாரும் ராத்திரி முழுக்கச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், கல்லடிக்குக் கடலும் பக்கத்தில், அதன் வெதுவெதுப்பும் காற்றும் பனியைக் கட்டவிடாது. வட்டையில், அதாவது வயல்வெளியில், அப்படியில்லை. பெரும்போக வெள்ளாண்மைக்குப் பாய்ச்சின ஈரம் இன்னும் மண்ணில் கிடக்கும், மழை விட்டு வானம் வெளித்திருக்கும், காற்று அசையாது. நிலம் மளமளவென்று குளிர, அதை ஒட்டியிருக்கிற ஈரக்காற்றும் குளிர்ந்து அப்படியே வெள்ளையாகப் படுத்துவிடும். வரம்பில் நின்றால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, தலைக்கு மேலே நட்சத்திரம் தெரியும். கதிர் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு துளி, கை பட்டால் சட்டைக்கை தோள்வரை நனையும்.

டவுனில் இருப்பவர்களுக்கு இது பார்க்க வடிவு. வயல்காரருக்கு அப்படியில்லை. பனி காயாமல் வெட்டு மெஷினை இறக்க முடியாது, நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போனால் விலையில் வெட்டு விழும். மார்கழியில் என்றால் இலை ஈரமாகவே கிடக்கிறது இன்னும் பயம், எரிபந்தம் என்கிற நெல் நோய் அந்த ஈரத்தில்தான் பிடிக்கும்.

பெரிய நகரங்களின் கதை வேற. டெல்லியைச் செய்மதிப் படத்தில் பார்த்தால் சமவெளி முழுக்கப் பனி போர்த்திருக்க, நகரத்துக்கு மேலே மட்டும் ஓட்டை தெரிகிற நாட்கள் உண்டு, நகரத்தின் சூடு செய்கிற வேலை. ஆனால் நகரத்தில் பனி பிடித்துவிட்டால் புகையும் தூசும் சேர்ந்துகொள்ளும். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் கிடந்த அந்தப் புகைப்பனியில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நேரம், எங்கள் பக்கமும் வானம் மங்கிக் கிடந்தது. பனி என்றுதான் நானும் நினைத்தேன். அது இந்தியப் பக்கமிருந்து காற்று அள்ளிவந்த மாசு. அந்தப் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன, பட்டியில் விறைத்துக் கிடந்த கன்றுகளின் படங்களை இப்போதும் என்னால் பார்க்க முடியாது.

படுவான்கரைப் பனிக்குள் யானையும் நிற்கும். போன கிழமை நான் வெளிக்கிட, மாமா வாடி வாசலில் வழியை மறித்தார்.

"இப்ப போகாத மனே. நேத்து இந்த நேரம் ரெண்டு, றோட்டுலதான் நிண்டது. வெயில் ஏறட்டும், மறுகா போ."

சத்தமே வராது, பத்தடிக்குள் வந்தால்தான் தெரியும். பிளேன்ரீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் மருதமரத்தின் உச்சி தெரிந்தது, பிறகு பரண், கடைசியாகத்தான் றோட்டு. அப்போது மணி எட்டே கால்.