சீஆர் கொப்பியில் ஆறு பீடங்கள்

ஏஎல் என்ற உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. எனக்கு அது செகண்ட் ஷை. முதல் தடவை இணைந்த கணிதம் காலை வாரிவிட்டது. இந்த முறை மூன்று பாடமும் நல்லபடி வந்திருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை, முந்தைய வருடத்துத் திருகோணமலை மாவட்ட வெட்டுப்புள்ளிகளோடு, அதாவது அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளிகளோடு, வைத்துப் பார்த்தோம். சில பீடங்களுக்கு மேலே நின்றது, சிலவற்றுக்குக் கொஞ்சம் கீழே. "உனக்கு இன்ஜினியரிங் கிடைக்கும் பிள்ளை" என்று ரியூசன் சேர் போனில் சொன்னார். எந்தக் கம்பஸ், எதை முதலில் போடுவது என்று கேட்டேன். "மொறட்டுவையைப் போடு, பிறகு மற்றதுகளைப் போடு" என்றார், அவ்வளவுதான்.

அந்த "மற்றதுகள்" என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. நான்கு வருடம் இருக்கப்போகும் இடத்தை அப்படி ஒரு சொல்லில் தள்ளிவிட முடியவில்லை. இந்த வருடம் விண்ணப்பிக்கப்போகும் தம்பி, தங்கைகளுக்காக நான் செய்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்கினேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முழுவதும் வாசித்து, பொறியியல் பீடம் உள்ள இடங்களை ஒவ்வொரு பக்கத்தில் எழுதினேன்: மொறட்டுவை, பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பீடம். ஆறு பக்கங்கள். எங்கள் ஊரிலேயே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, ஆனால் அங்கே பொறியியல் பீடம் இல்லை. எப்படியும் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும் என்பது அன்றே தெளிவானது. அம்மா அன்று கொஞ்சம் அழுதா.

இடங்கள் பிரிக்கப்படும் விதத்தை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு, அதில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்பில் படித்த ஒன்றுவிட்ட அண்ணாவின் வெட்டுப்புள்ளியை வைத்து நான் கணக்குப் போட முடியாது. என் மாவட்டத்து வரிசையை மட்டும்தான் பார்க்க வேண்டும். அதுவும் போன வருடத்து எண்தான். இந்த வருடம் எத்தனை பேர் எதைக் கேட்கிறார்களோ அதற்கேற்ப ஏறலாம், இறங்கலாம். அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்களை எனக்கே தெரியும்.

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய பயத்தைக் கடந்தேன். எங்கள் பெச்சில் பலர், "முதலாவதாகப் பெரிய இடத்தைப் போட்டு அது கிடைக்காவிட்டால் இரண்டாவதும் போய்விடும்" என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். அது பிழை. இசட் புள்ளி கூடியவரின் விருப்பம் முதலில் பார்க்கப்படுகிறது, அவருடைய வரிசையில் எது அவருக்கு எட்டுகிறதோ அது கொடுக்கப்படுகிறது. என் முதல் விருப்பம் எட்டாவிட்டால் அடுத்ததைப் பார்க்கிறார்கள், அதை முதலில் போட்டவருக்கும் இரண்டாவதாகப் போட்ட எனக்கும் அங்கே வேறுபாடு கிடையாது. புள்ளிதான் பேசும். அப்படியென்றால் பயத்தில் வரிசையை மாற்றுவதற்குக் காரணமே இல்லை. உண்மையில் எதை அதிகம் விரும்புகிறேனோ அதையே மேலே எழுதலாம். இதை விளங்கிய பிறகு கேள்வி, எனக்கு உண்மையில் எது வேண்டும் என்பதாக மாறியது.

எனக்கு சிவில், அதாவது பாலம், வீதி, கட்டடம் கட்டும் பொறியியல் துறை, வேண்டும். அம்மம்மா வீடு ஆலங்கேணியில். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கிண்ணியாவுக்குப் போக, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மீன் பெட்டியும் நாங்களும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்போம். 2009ல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அதன் பிறகு அம்மம்மாவின் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அரை நாள் வேலையாக இல்லாமல் போனது. அந்தத் தூண்கள் எப்படித் தண்ணீருக்குள் நிற்கின்றன என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவர், "அதை நீதான் படித்து எனக்குச் சொல்ல வேணும்" என்பார்.

ஆகவே கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்வியை எழுதினேன்: இங்கே போனால் எனக்கு சிவில் கிடைக்குமா? பொறியியல் பீடத்துக்குள் நுழைந்த உடனே துறை கிடைப்பதில்லை. தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். அதில் எடுக்கும் புள்ளியை வைத்தே துறை. பெயர் பெரிய இடத்துக்குப் போய், அங்கே விரும்பாத துறையில் மூன்று வருடம் இருக்கும் அக்கா ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். அவர் அழவில்லை, குறை சொல்லவும் இல்லை. "நான் கம்பஸ் பெயரை மட்டும் கேட்டேன், துறையைக் கேட்கவில்லை" என்றார். அந்த வசனத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பிறகு அப்பாவும் நானும் நேரே பார்க்கப் புறப்பட்டோம். இரண்டு இடம் மட்டும்தான் போக முடிந்தது, பணம் அவ்வளவுதான். பேராதனைக்கு விடியற்காலைக் கண்டி பஸ். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று ஏற ஏறக் குளிர் கூடியது. இந்தப் பொறியியல் பீடம் 1950ல் கொழும்பில் தொடங்கி 1964ல் பேராதனைக்கு வந்தது என்று வாசித்திருந்தேன். அக்பர் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தபோது அப்பா கம்பியைக் கையால் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு அண்ணா சிவில் ஆய்வுகூடத்தின் வாசலில் நிறுத்தி, கொங்கிறீட் கட்டிகளை நசுக்கிப் பலம் பார்க்கும் இயந்திரத்தைக் காட்டினார். பக்கத்தில் உடைந்த கட்டிகள் குவிந்து கிடந்தன, ஒவ்வொன்றிலும் நீலக் கலரில் திகதி. அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். உடைந்த முகத்தில் சல்லிக்கல் பிளந்திருந்தது, சீமெந்து விடவில்லை. அன்றே பேராதனை என் மனதில் முதலாவதாகிவிட்டது.

கிளிநொச்சிக்கு வவுனியா போய், அங்கிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது, அப்பா தேங்காய் உடைத்தார், கச்சான் வாங்கினோம். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அறிவியல் நகர். பேராதனை போல மரமும் மலையும் இல்லை, வெயில்தான். ஆனால் சிறிய தொகுதி, விரிவுரையாளர்கள் பிள்ளைகளின் பெயர் தெரிந்து பேசினார்கள். சிவில், மின்னியல், கணினி என்ற துறைகள் இருந்தன. எனக்கு இருந்த பெரிய கவலை ஆங்கிலம். எல்லாப் பீடத்திலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான், நான் ஏஎல் தமிழில் எழுதியவள். இங்கே விளங்காததைப் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் கேட்கலாம் என்ற ஆறுதல் கிடைத்தது. இதை நான் சின்ன விடயமாக எண்ணவில்லை.

ஒலுவில் கடற்கரைப் பக்கம், மட்டக்களப்பு தாண்டிப் போகலாம். ருகுணுப் பீடம் காலிக்கு அருகே ஹப்புகலவில், எங்களுக்கு நாட்டின் மறுமுனை. இவற்றை அங்கே படிப்பவர்களோடு போனில் பேசியே எழுதினேன்.

இதற்கிடையில் தனியார் நிறுவனம் ஒன்றின் ஆள் எங்கள் வீட்டுக்கே வந்து, வெளிநாட்டுப் பட்டம், வேலை உறுதி என்று அழகாகப் பேசினார். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: இந்தப் பட்டத்துக்கு, இந்த வருடத்துக்கு, இலங்கை பொறியியலாளர் நிறுவனத்தின் தர அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா? பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இலங்கை இருக்கிறது. அந்த அங்கீகாரம் உள்ள பட்டம் மற்ற உறுப்பு நாடுகளிலும் பெறுமதி பெறும். அவர் வேறொரு துறையின் கடிதத்தைக் காட்டினார். அப்பாவின் ஆறு வருடச் சேமிப்பை அதில் போட நான் விடவில்லை. தனியாரில் நல்ல இடங்கள் உண்டு, ஆனால் கடிதத்தைப் பெயரோடும் திகதியோடும் கையில் வாங்கி வாசியுங்கள். அரசாங்கப் பீடங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விண்ணப்பம் ஒன்லைனில் போடும் நாள் இன்னொரு பிழை நடக்கப் பார்த்தது. கடையில் போட்டுத் தந்தவர் வேகமாக, கைநூலில் இருந்த வரிசையிலேயே தட்டிவிட்டார். நான் கொப்பியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு குறியீடாக விரலால் தொட்டு வாசித்தேன். வரிசை மாறியிருந்தது. "எல்லாம் ஒன்றுதான் தங்கச்சி" என்றார். ஒன்றில்லை என்று சொல்லித் திரும்பப் போட வைத்தேன். பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி, ஒலுவில், ருகுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர.

எனக்குக் கிடைத்தது மூன்றாவது. வெட்டுப்புள்ளி வந்த அன்று பேராதனைக்கு மிகக் கொஞ்சம் போதவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு கிளிநொச்சிப் பக்கத்தை எடுத்து வாசித்தேன். அந்தப் பக்கத்தில் நானே என் கையால் எழுதியிருந்தேன்: "இது கிடைத்தாலும் சந்தோசமாகப் போவேன்." அதை எழுதும்போது உண்மையாகத்தான் எழுதினேன். போகும் வழியில் அப்பா முறிகண்டியில் இன்னொரு தேங்காய் உடைத்தார். பொதுப் பாடங்கள் முடிந்து துறை தெரிவு வந்தபோது, எனக்கு சிவில் கிடைத்தது.