தாராவிக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டின் தகுதியை நிறுவிய அனுபவம்

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியைப் புதிதாகக் கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கியது. அது எங்கள் சந்துக்கு வந்து, கதவில் எண் எழுதி, ஆவணங்களைப் பெற்று, யார் யாருக்கு மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று காட்டும் வரைவுப் பட்டியலில் எங்கள் வீட்டைச் சேர்த்தது வரை நாங்கள் கடந்து வந்ததை எழுதுகிறேன். இன்னும் ஆவணம் கொடுக்காத தமிழ்க் குடும்பங்களும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஊரோடு போய் இங்குள்ள வீட்டை உறவினர் பொறுப்பில் விட்டிருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் தாத்தா தோல் பதனிடும் தொழிற்சாலை வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர். 1976இல் மகாராஷ்டிர அரசு மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்தபோது குடும்பத் தலைவரின் படத்துடன் வழங்கிய போட்டோ பாஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அண்ணனுக்குத் திருமணமானபோது மேலே ஓர் அறை எழுப்பினோம். ஏணி போன்ற இரும்புப் படிக்கட்டில் ஏறிச் செல்லும் அந்த அறையில்தான் அவன் குடும்பம் வாழ்கிறது. தாராவியில் பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். நிலம் அகலாது என்பதால் குடும்பம் மேல்நோக்கி வளர்கிறது.

இத்திட்டத்தில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்பவை இரண்டு: ஒன்று தேதி, மற்றொன்று தளம். 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு 2.5 லட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி வீடு உண்டு. ஆனால் அது தாராவிக்கு வெளியே. அதற்கும் பின்னர் வந்தவர்களும், 2022 நவம்பர் 15 வரை மேல்தளத்தில் குடியிருந்தவர்களும் வாடகைக் கொள்முதல் முறையில், அதாவது வாடகையாகத் தவணை கட்டி இறுதியில் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில், மும்பைப் பெருநகரப் பகுதியில் வேறெங்காவது வீடு பெறுவார்கள். நகரின் வழக்கமான எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணைய) திட்டங்களில் மேல்தளத்துக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆகவே இது முன்னைவிட மேலான நிலை என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் ஒரே கதவு வழியாக உள்ளே நுழைகிற ஒரே குடும்பத்தில் அம்மா தாராவியிலும் அண்ணன் வேறு ஏதோ ஒரு மூலையிலும் வாழ வேண்டும் என்று விதி சொல்வதை எங்களால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கணக்கெடுப்பில் முதலில் நடப்பது எண் இடுதல். பிறகு சந்து சந்தாக, லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவியைக் கொண்டு அளந்து படமாக்குகிறார்கள். ஆவணங்களைப் பெறுவது இவற்றுக்குப் பிறகுதான். இந்தக் கடைசிக் கட்டத்துக்காக வீட்டுக்கு வருபவர்கள் மூலத் தாள்களைப் பார்த்து, கைப்பேசிச் செயலியில் படமெடுத்துக்கொண்டு, ஒப்புதல் பெற்றுச் செல்கிறார்கள். அந்த நாளுக்கு முன்பே தாள்களை வரிசைப்படுத்தி வைத்துவிட வேண்டும். 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகல், மும்பையில் மின்சாரம் வழங்கும் பெஸ்ட் நிறுவனத்தின் இணைப்பு எப்போது தரப்பட்டது என்று காட்டும் பழைய கட்டணச் சீட்டு, போட்டோ பாஸ், ரேஷன் அட்டை, ஆதார், இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவை எங்களுக்குத் தேவைப்பட்டன. கடை நடத்துபவர்களுக்கு இவற்றோடு குமாஸ்தா உரிமம் என்னும் கடைப் பதிவுச் சான்றும் முக்கியம். தகுதி பெற்ற கடைக்கு 225 சதுர அடி வரை இலவசம் என்பதால், இட்லி மாவு அரைப்பவரும் முறுக்கு சுடுபவரும் தங்கள் இடம் வீடாகப் பதிவாகிறதா தொழிலிடமாகப் பதிவாகிறதா என்று அன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

எங்களை மிகவும் அலைக்கழித்தது பெயர்தான். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஊரில் பதிவான ஒருவர், இங்குள்ள வாக்காளர் பட்டியலில் தன் பெயர், தந்தை பெயர், சாதிப் பெயர் என்று மூன்று சொற்களாக மாறியிருப்பார். ரேஷன் அட்டையில் வரிசை தலைகீழாக இருக்கும். தேவநாகரி எழுத்தில் ழகரமும் றகரமும் வேறு உருவம் கொண்டிருக்கும். என் தந்தையார் மூன்று தாள்களில் மூன்று வேறு மனிதராகத் தெரிந்தார். இவர் மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஒவ்வொரு தாளிலும் உள்ள எழுத்துவடிவத்தை அப்படியே அதில் குறித்து இணைத்தோம். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் நாங்கள் படித்ததற்கான சான்றிதழில் தந்தை பெயரும் முகவரியும் ஒன்றாக இருந்தது பெரிய துணையாயிற்று. பள்ளித் தாள்களை யாரும் தூக்கி எறிய வேண்டாம்.

பழைய வாக்காளர் பட்டியலைப் பெறுவதற்குள் பொறுமை சோதிக்கப்பட்டது. இடையில் ஒரு முகவர் பணம் கொடுத்தால் நகல் எடுத்துத் தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. அரசு அலுவலகத்தில் முறையாக விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, முத்திரையுடன் பெற்ற நகல் மட்டுமே பின்னர் கேள்விக்கு நிற்கும். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்திருந்தால் தேடுவது விரைவாகும் என்பதால், பழைய வாக்காளர் அடையாள அட்டையை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

இத்தனை கடுமையாக ஒரு தேதியையும் ஒரு தளத்தையும் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது, திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. 1985இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் ஒரு பகுதி தாராவிக்கு வந்தபோது, அரசு தன் கருவூலத்திலிருந்து நேரடியாகச் செலவிட்டது. இப்போதைய முறை வேறு. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் முன்மொழிந்து அதானி குழுமம் ஒப்பந்தத்தைப் பெற்றது. திட்டத்துக்கான நிறுவனத்தில் அதற்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு. இலவச வீடுகளின் செலவை, அதே நிலத்தில் கூடுதலாகக் கட்டி விற்கும் பரப்பிலிருந்து ஈட்டிக்கொள்ள வேண்டும். இங்கே கட்ட முடியாமல் எஞ்சும் பரப்பை டி.டி.ஆர். என்னும் மாற்றத்தக்க கட்டுமான உரிமையாக நகரெங்கும் விற்கலாம். மும்பையில் டி.டி.ஆர். பயன்படுத்திக் கட்டுபவர்கள் தங்கள் தேவையில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவியிலிருந்தே வாங்க வேண்டும் என்றும், அதன் விலை அரசு நிலத்துக்கு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பான ரெடி ரெக்கனர் மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதி செய்திருக்கிறார்கள்.

இதன் பெரும்பகுதி மாநில வரவுசெலவுத் திட்டத்தில் செலவாகத் தோன்றாது. ஆனால் இது பொதுப்பணம்தான் என்பது என் உறுதியான கருத்து. கட்டுமான உரிமை என்பது அரசு விதியால் உண்டாகும் மதிப்பு. அதை யார் விற்கலாம், யார் வாங்கியே தீர வேண்டும் என்று அரசு நிர்ணயிக்கும்போது, அந்தச் செலவு போரிவலியிலோ செம்பூரிலோ வீடு வாங்கும் ஒருவரின் விலையில் போய்ச் சேர்கிறது. நிலமும் அவ்வாறே. மாட்டுங்கா, தாதர் பக்கமுள்ள சுமார் 45 ஏக்கர் ரயில்வே நிலத்துக்காக மாநிலத் தரப்பிலிருந்து 2019இல் 800 கோடி ரூபாய் ரயில்வேக்குச் சென்றது. அந்த நிலத்தைச் சேர்த்ததைக் காரணம் காட்டித்தான், 2019இல் 7,200 கோடி ரூபாய் முன்மொழிந்த முந்தைய ஏலத்தை அரசு பிறகு ரத்து செய்தது. தகுதி பெறாதவர்களுக்கான குடியிருப்புக்கென்று காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 255 ஏக்கர் உப்பள நிலமும், தேவ்னார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கரும் ஒதுக்கப்பட்டுள்ளன. உப்பளங்கள் மழைநீரைத் தாங்கும் தாழ்நிலங்கள். தேவ்னார் பல்லாண்டுகளாக நகரின் குப்பை குவிந்த இடம். அங்கெல்லாம் மக்களைக் குடியேற்றுவது என்னும் நிலப்பயன்பாட்டு முடிவின் வேர், எங்கள் சந்தில் ஒருவர் கேட்கும் "இது கீழ்த்தளமா, மேல்தளமா?" என்ற கேள்வியில் இருக்கிறது. தகுதிப் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் தாராவிக்குள் கட்டித்தர வேண்டிய ஒரு வீடு குறைகிறது. விற்பனைக்கான பரப்புக்கு அந்த அளவு இடம் கிடைக்கிறது. கணக்கெடுப்பவர்கள் யாரும் தீய நோக்கத்தோடு செயல்பட்டதாக நான் சொல்லவில்லை. எங்களிடம் வந்த இளைஞர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். திட்டத்தின் கணக்கே அப்படி அமைந்திருக்கிறது என்பதால், ஒவ்வொரு குடும்பமும் தன் தாள்களைத் தானே காக்க வேண்டியிருக்கிறது.

சாதாரண எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் குடியிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புதல் அளிக்க வேண்டும். தாராவியில் அந்த ஒப்புதல் தேவையில்லை. எனவே எங்கள் குரல் பதிவாகும் ஒரே முறையான இடம் வரைவுப் பட்டியலுக்கு எதிரான ஆட்சேபம்தான். எங்கள் பகுதிப் பட்டியல் ஒட்டப்பட்டபோது கீழ்த்தளம் தகுதி உடையது என்றும், மேல்தளம் வாடகைக் கொள்முதலுக்கு உரியது என்றும் இருந்தது. அம்மாவின் வீடு உறுதியானது என்ற நிம்மதி எங்களுக்குப் பெரிது. அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சல் வீண்போகவில்லை.

மேல்தளத்துக்காக அண்ணன் தனியே ஆட்சேபம் கொடுத்திருக்கிறான். 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலிலேயே அவன் பெயர் இதே முகவரியில் உள்ளது என்பதும், அவன் வெளியிலிருந்து வந்து குடியேறியவன் அல்லன் என்பதும் அவன் வாதம். தளத்தைப் பொறுத்த விதிக்கு எதிராக இந்த வாதம் எவ்வளவு நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் எழுத்தில் வைத்தாலொழிய அடுத்த படிக்குச் செல்ல வழியில்லை. தகுதியை முடிவு செய்யும் அலுவலருக்கு மேலே மேல்முறையீட்டு அலுவலரும் அவருக்கு மேலே குறைதீர்ப்புக் குழுவும் இருக்கின்றன. ஆட்சேபத்தை மராத்தியில் எழுதிக்கொடுத்தோம். சந்திலுள்ள மராத்தி நண்பர் ஒருவர் மொழியைத் திருத்தித் தந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் எங்கள் நகலில் வாங்கிக்கொண்டோம். விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது அந்த நகலைத்தான் முதலில் கேட்டார்கள்.

விசாரணை முடிந்துவிட்டது, ஆணை இன்னும் வரவில்லை. மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குக் குறித்த கெடு ஆணை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதால், அதற்கான தாள்களை இப்போதே இரண்டு தொகுப்பாகக் கட்டி, ஒன்றை இங்கேயும் ஒன்றை ஊரிலுள்ள சித்தப்பா வீட்டிலும் வைத்திருக்கிறோம்.