கணவருக்கும் ஒரு கேள்வித்தாள்

"எனக்கு என்ன சிஸ்டர் பயம்? வலி அவளுக்குத்தானே!" பிரசவ பயம் பற்றிய கேள்வித்தாளை நீட்டினால் கணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். வாங்கிய கையோடு, "ரத்தம் ரொம்பப் போகுமா?" என்றும் கேட்பார்கள். பயமில்லை என்று சொன்ன அதே வாய்தான். ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்பாக்களிடம் எடுத்து 2014இல் வெளியான ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்குப் பிரசவ பயம் இருந்தது. வார்டில் நின்று பார்க்கும் எனக்கு அது குறைவாகவே படுகிறது.

இந்தத் துறையில் முதலில் எடுப்பது 1998இல் வெளியான விஜ்மா கேள்வித்தாளைத்தான். 33 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 165. 85ஐத் தொட்டால் கடுமையான பயம் என்று கணக்கு. நல்ல கருவிதான், ஆனால் பிள்ளை பெறப்போகிறவளுக்காக எழுதியது. பிரசவ நேரத்தில் எப்படி இருப்பேன், உடம்பு என் பிடியில் இருக்குமா என்று போகும். 'நான்' வரும் இடத்தில் 'என் மனைவி' என்று மாற்றிக் கணவரிடம் கொடுத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பயமே வேறு. அவளுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆகிவிடுமோ, உள்ளே நடப்பதை யாரும் சொல்லமாட்டார்களோ, பக்கத்திலேயே இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கப்போகிறோமோ. இதையெல்லாம் கேட்காத தாளில் அவர் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

ஈரானில் அப்பாக்களுக்கென்றே உருவாக்கிய அளவுகோல் இந்த வகையில் எனக்குப் பிடித்தது. 17 கேள்விகள்தான். பிரசவம் பற்றிய பயம் ஒரு பிரிவு, மருத்துவமனை பற்றிய பயம் இன்னொரு பிரிவு. இரண்டாவது பிரிவு எங்களைப் பற்றியது. அந்தப் பயத்தைக் குறைப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

எளிமையான முறையும் உண்டு. 100 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு கோடுகள். ஒன்று நிம்மதியிலிருந்து கவலை வரை, மற்றது பயமே இல்லை என்பதிலிருந்து கடும் பயம் வரை. மனதுக்குப் பட்ட இடத்தில் குறி போட வேண்டும், இரண்டின் சராசரிதான் மதிப்பெண். ஒருவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போது இரண்டு கோட்டிலும் இடது ஓரத்திலேயே குறி போட்டார். ரத்த அழுத்தம் பார்க்க மனைவியை உள்ளே கூப்பிட்டதும் பேனாவைத் திரும்ப வாங்கி, போட்டதை அடித்துவிட்டு, வலது கோடி வரை கொண்டுபோய்க் குறித்தார். ஓரத்தில் பொடி எழுத்தில், "அவளிடம் சொல்ல வேண்டாம்."

அதே ஆள், அதே நிமிடம்தான். அதனால் தாளைத் தனியாக உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எந்த அளவுகோல் என்ற விவாதம் அதற்கு அப்புறம்தான்.

சரி, மதிப்பெண் அதிகம் வந்தால்? கோப்பில் செருகி வைப்பதற்கு இவ்வளவு கேட்டிருக்கவே வேண்டாம். அப்படிப்பட்டவரை முன்கூட்டியே லேபர் ரூமுக்குக் கூட்டிப்போய், எங்கே நிற்கலாம், எந்தச் சத்தம் சாதாரணம், அவசரமாக அறுவை சிகிச்சை என்றால் யார் வெளியே வந்து சொல்வார் என்று காட்டிவிடுகிறோம். அந்த "யார்" என்ற இடத்தில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நர்ஸின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.