வயரைப் பிடுங்கினால் எத்தனை நொடி? ஓஎஸ்பிஎஃப் சோதனை

மன்னார்குடி வீட்டில் சும்மா கிடந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் டெபியன் லினக்ஸ் ஏற்றி, எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருள் போட்டு ரவுட்டராக்கியிருக்கிறேன். ஒன்று கூடத்தில், இன்னொன்று மாடியில். நடுவே கேபிள் ஒரு வழி, வைஃபை ஒரு வழி. கேபிள் போனால் தானாக வைஃபைக்கு மாற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்குத்தான் ஓஎஸ்பிஎஃப் (OSPF): ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறை.

ரிப் (RIP) மாதிரி பழைய ரவுட்டிங் முறைகளில், பக்கத்து ரவுட்டர் சொல்வதுதான் வேதவாக்கு. மேல்மடைக்காரர் ‘தண்ணி வந்துடும்’ என்றதும் நாற்று விடுகிற கதை. ஓஎஸ்பிஎஃபில் கல்லணை முதல் கடைமடை வரை மொத்த வாய்க்கால் வரைபடமும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். செலவு குறைந்த வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா கணக்குப் போட்டு அவரவரே வழி பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பது பெரிய வேலையில்லை. எஃப்ஆர்ஆரில் ஓஎஸ்பிஎஃபைப் பார்த்துக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்டியை இயக்கி, ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் அனுப்பும் ஐபி ஃபார்வர்டிங்கைத் திறந்து, கேபிள், வைஃபை இன்டர்ஃபேஸ்களை ஏரியா 0 என்ற ஒரே குழுவில் சேர்த்தேன். கேபிளுக்கு காஸ்ட் 10, வைஃபைக்கு 100; காஸ்ட் குறைந்த வழிக்கே முதலிடம். இரண்டையும் பாயின்ட்-டு-பாயின்ட் (இருவருக்கு மட்டுமான இணைப்பு) என்று குறித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இருக்கிற இரண்டு பேருக்குள் ‘டிஆர்’ என்ற தலைமை ரவுட்டருக்குத் தேர்தல் நடக்கும். அதற்கே 40 நொடி காத்திருக்க வேண்டும்.

அப்புறம் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிங்கை ஓடவிட்டு, நேர் கேபிளைப் பிடுங்கினேன். இரு பக்கமும் விளக்கு அணைந்தது, உடனே வைஃபைக்கு மாறிவிட்டது. இதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. மாடியில் ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் வைத்து, அவை இரண்டுக்கும் இடையிலான வயரைப் பிடுங்கியபோதுதான் விஷயமே இருக்கிறது. ரவுட்டர்களின் விளக்குகள் ஜோராக எரிகின்றன, பிங் மட்டும் செத்துக் கிடக்கிறது. ‘நான் இருக்கிறேன்’ என்று ரவுட்டர்கள் சொல்லும் ஹலோ செய்தி 10 நொடிக்கு ஒருமுறை. 40 நொடி ஹலோ வராவிட்டால்தான் பக்கத்து ஆள் போய்விட்டதாக ஓஎஸ்பிஎஃப் ஒப்புக்கொள்ளும். வீடியோ காலில் அது ஒரு யுகம்.

கேபிளில் ஹலோவை 1 நொடியாகவும், ‘டெட்’ என்ற அந்தக் காத்திருப்புக் கெடுவை 4 நொடியாகவும் குறைத்தேன். இரு பக்கமும் ஒரே மதிப்பு இருந்தால்தான் உறவே அமையும். இப்போது நான்கு நொடிக்குள் மாறிவிடுகிறது. “அந்த வயரை ஏன்டா பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுற?” என்று அம்மா கேட்டுவிட்டார்.

வைஃபையில் பழைய 10, 40-ஐயே விட்டுவைத்தேன். ஹலோ போவது 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது ஒருவருக்கென்று இல்லாமல் ஒரு குழுவுக்கே பொதுவான முகவரிக்கு. ஹாட்ஸ்பாட்டிலிருந்து போகும் மல்டிகாஸ்ட் வழியில் தொலைந்தால் மறுபடி வராது. நான்கு நொடி கெடு வைத்தால் நல்ல இணைப்பையே கொன்றுவிடும்.

அடுத்தது கேபிளில் பிஎஃப்டி (BFD), இணைப்பு அறுந்ததை இன்னும் வேகமாகக் கண்டுபிடிக்கும் முறை. 300 மில்லிநொடிக்கு ஒரு செய்தி, தொடர்ந்து மூன்று தவறினால் இணைப்பு போனதாக முடிவு. ஒரு நொடிக்குள் வருகிறதா பார்க்க வேண்டும்.