சிம்சன் பாலைவனத்துக்கு முன், வண்டிக்கு அடியில்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்துக்குப் போகும் வழியில், ஊட்னாடட்டா சாலையில் ஒரு மதியம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்சக்கரங்களுக்கு உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். இடப்பக்க ஷாக் அப்சார்பர் தொட முடியாத சூடு. வலப்பக்கத்தது சில்லென்று இருந்தது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வாங்கிச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. தகரக் கூரையை மண்ணில் விரித்தது போல வரிவரியாக ஓடும் அந்தச் சாலையில் சூடேறாத ஷாக், செத்த ஷாக். உள்ளிருந்த எண்ணெய் முழுவதும் கசிந்து, புழுதியோடு சேர்ந்து கரும்பசையாக அப்பியிருந்தது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியதை மாற்றாமல் அங்கே கொண்டுபோனது என் தவறு. சிம்சனைப் பார்க்காமலேயே மெல்பர்ன் திரும்பினோம். வழியெல்லாம் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

நான் பிறந்தது திருச்செந்தூர் பக்கம், குதிரைமொழித் தேரிக்கு அருகில். சிவந்த மணலில் மிதிவண்டிச் சக்கரம் புதைந்து, தோளில் தூக்கிக்கொண்டு நடந்த நாட்கள் பல. சிம்சன் பாலைவனத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது "இது நம் தேரி அல்லவா" என்றுதான் தோன்றியது. ஆனால் இங்கே 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கின்றன. கிழக்கே போகிறவர் அத்தனையையும் ஏறி இறங்கியாக வேண்டும்.

அடுத்த பயணத்துக்குத் தயாரானபோது எல்லோரும் என்னிடம் லாக்கரைப் பற்றித்தான் பேசினார்கள்; ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் கருவி அது. நான் முதலில் எடை மேடைக்குப் போனேன். என் வண்டி 2012ஆம் ஆண்டு டொயோட்டா டீசல் பிராடோ. 150 லிட்டர் எரிபொருள், 60 லிட்டர் தண்ணீர், குளிர்பெட்டி, உதிரி டயர்கள், கூடாரம், நாங்கள் இருவர் எல்லாம் சேர்ந்து 2,930 கிலோ காட்டியது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,990. அந்தச் சீட்டைப் பார்த்ததும் இரண்டாவது உதிரி டயரையும் பாதிப் பாத்திரங்களையும் வீட்டிலேயே இறக்கி வைத்தேன். ஸ்பிரிங் தேர்வு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பின் ஸ்பிரிங்கில் மூன்று வகை காட்டினார்கள்: வெறும் வண்டிக்கு, நடுத்தரச் சுமைக்கு, எப்போதும் பெருஞ்சுமை ஏற்றுகிறவர்களுக்கு. கடைசி வகையை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினார். நான் நடுத்தரத்தை எடுத்தேன். ஆண்டில் பதினொரு மாதம் இந்த வண்டி காலியாகத்தான் ஓடுகிறது. காலி வண்டிக்கு அளவுக்கு மீறி விறைத்த ஸ்பிரிங்கைப் போட்டால் அது அமுங்காது, துள்ளும்; துள்ளுகிற சக்கரம் தரையில் நிற்காது. ஷாக்குகளைப் பருத்த குழாய் உள்ளதாக எடுத்தேன். எண்ணெய் அதிகம் பிடிக்கும், சூடு மெதுவாக ஏறும், நுரைத்துப் போகாது. வண்டியை உயர்த்தியது 40 மில்லிமீட்டர் மட்டும். அதற்கு மேல் போனால் முன்பக்க அச்சின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். உயரமான வண்டியின் அழகுக்காக அந்த மூட்டுகளைப் பலியிட எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் லாக்கர். அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல், வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. முறுக்குவிசையை இரண்டுக்கும் சமமாகவே பங்கிடுகிறது. சிக்கலும் அதில்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது தாங்குகிற அற்ப விசைதான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். பிராடோவின் மின்னணு அமைப்பு, வீணே சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து ஓரளவு சரிசெய்யும். பாறையில் அது போதும். ஆனால் சக்கரம் சுழன்ற பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். மணலில் அதற்குள் குழி தோண்டியாகிவிடும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை மழைக்கால நகரச் சாலைக்குச் சரிப்படாது என்று விலக்கினேன். மின்காந்த வகைக்கும் காற்றழுத்த வகைக்கும் இடையில் பல வாரம் ஊசலாடினேன். மின்காந்த வகையில் காற்றுக் குழாயும் இல்லை, கசிவும் இல்லை. ஆனாலும் ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கரையே பின் அச்சுக்குப் போட்டேன். டயருக்குக் காற்றடிக்க எனக்குக் கம்ப்ரஸர் எப்படியும் வேண்டும். அதே கம்ப்ரஸர் பொத்தானை அழுத்தினால் லாக்கரையும் பூட்டும். முன் அச்சுக்குப் போடவில்லை. பூட்டிய முன்சக்கரங்கள் திரும்ப மறுக்கும். மூட்டுகளுக்கும் பளு கூடும்.

ஜூலையில் மவுண்ட் டேரிலிருந்து புறப்பட்டோம். டால்ஹவுசி வெந்நீர் ஊற்றில் ஓர் இரவு. மறுநாள் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, முன்னே உயரமான கொடியை நட்டுக்கொண்டு பிரெஞ்சுத் தடத்தில் இறங்கினோம். எண்ணெய் தேடிவந்த பிரெஞ்சு நிறுவனம் 1963இல் வெட்டிய தடம் அது. மேடுகளின் மேற்குச் சரிவு மென்மையானது என்பதால் மேற்கிலிருந்து கிழக்கே போவது எளிது என்கிறார்கள். மென்மையான சரிவிலும் வண்டிகள் வேகமெடுத்துப் பாய்ந்து பாய்ந்து, இட வலமாக மாறிமாறிப் பெரும்பள்ளங்களைத் தோண்டிவிட்டிருந்தன. இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே நேரத்தில் தொங்கும்படியான பள்ளங்கள்.

முதல் பத்து மேடுகளில் லாக்கரைத் தொடவில்லை. புதிய ஸ்பிரிங்குகள் சக்கரங்களைத் தாழ விட்டு, பள்ளத்தின் அடிவரை தரையைத் தேடிப் பிடித்தன. பதினோராவதில் பின்சக்கரம் தொங்கியது. பொத்தானை அழுத்தினேன். தாழ்ந்த கியரில், நடந்து போகிறவரின் வேகத்தில், வண்டி உச்சிக்கு ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பு வேறு மணல்களில் நானும் பாய்ந்து ஏறியவன்தான்; அங்குள்ள பள்ளங்களில் என் பங்கும் இருந்திருக்கும். மெதுவாக ஏறும் வண்டி தடத்தை உடைப்பதில்லை. லாக்கருக்குக் கொடுத்த பணத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடியும் கொடுப்பேன்.

இரு மாநிலங்களின் எல்லையும் வடக்குப் பிரதேசத்தின் எல்லையும் கூடும் பாப்பெல் முனையில் நின்று படம் எடுத்தோம். ஐந்தாம் நாள் மாலை 'பிக் ரெட்' என்னும் பெரிய சிவப்பு மேடு. ஏறத்தாழ 40 மீட்டர். முதல் முயற்சியில் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. நேராகப் பின்னால் இறங்கி, காற்றை 14க்குக் குறைத்து, லாக்கரைப் பூட்டி மறுபடியும் ஏறினேன். மேலே மனைவி வெகுநேரம் மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கி டயர்களில் மீண்டும் காற்றேற்றி, 35 கிலோமீட்டர் சரளைச் சாலையில் பேர்ட்ஸ்வில் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகக் குனிந்து பின்சக்கரங்களுக்கு உள்ளே கைவிட்டேன். இரண்டு ஷாக்குகளும் ஒரே சூடாக இருந்தன.