டெர்மினல் 21 என்கிறது, மேவன் 17 என்கிறது

உபுண்டு 22.04-இல் ஜாவா 17-இலிருந்து 21-க்கு ஒரு ப்ராஜெக்டை மாற்றியபோது பார்த்தவை இவை. ஓப்பன் ஜேடிகே 21 (ஜாவாவில் கம்பைல் செய்து ஓட்டத் தேவையான தொகுப்பு) இன்ஸ்டால் ஆகிவிட்டது, டெர்மினலில் ஜாவாவின் வெர்ஷன் கேட்டால் 21 என்றே வருகிறது. ஆனால் ப்ராஜெக்டை பில்ட் செய்யும் மேவனை ஓட்டினால் "ரிலீஸ் வெர்ஷன் 21 நாட் சப்போர்ட்டட்" என்று நின்றுவிடுகிறது.

இரண்டும் பொய் சொல்லவில்லை. டெர்மினல், பாத்-இல் (புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) முதலில் கிடைக்கும் ஜாவாவை ஓட்டுகிறது. மேவனோ ஜாவா ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளைத்தான் முதலில் பார்க்கும். அது இல்லாவிட்டால்தான் பாத் பக்கம் போகும். டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி ஃபைலில் எப்போதோ எழுதி மறந்துபோன ஜாவா ஹோம் 17-ஐக் காட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க மேவனிடமே வெர்ஷன் கேட்டால் போதும்: தன் வெர்ஷனோடு எந்த ஜாவாவில், எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்பதையும் அது காட்டும். எரரைத் தேடி இணையத்தில் அலைவதற்கு முன் இந்த ஒரு கமாண்டைப் போடுங்கள்.

ஜாவா ஹோமுக்குத் தர வேண்டியது ஜேடிகே-வின் மேல் ஃபோல்டர். உபுண்டுவில் அது யூஎஸ்ஆர், லிப், ஜேவிஎம் (/usr/lib/jvm) என்ற வரிசையில் உள்ளே இருக்கும். அதற்குள் இருக்கும் பின் (bin) ஃபோல்டரையோ ஜாவா ஃபைலையோ கொடுத்தால், ஜாவா ஹோம் சரியில்லை என்று மேவன் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்தது அப்டேட் ஆல்டர்னேடிவ்ஸ், அதாவது பல வெர்ஷன்களில் எது ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கருவி. இதில் புரோகிராமை ஓட்டும் ஜாவாவும் கம்பைல் செய்யும் ஜாவாசியும் தனித்தனிப் பதிவுகள். ஜாவாவை மட்டும் 21-க்கு மாற்றிவிட்டு ஜாவாசியை விட்டுவிட்டால், 17-இல் கம்பைல் ஆகி 21-இல் ஓடும், அது பரவாயில்லை. தலைகீழாக ஆனால்தான் அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர் வரும். அதில் வரும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. 44-ஐக் கழித்தால் விடை. இன்னொன்று: முன்பு எப்போதாவது கையால் ஒரு வெர்ஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால், புதியதை இன்ஸ்டால் செய்தாலும் பழைய தேர்வு அப்படியே நிற்கும். "இன்ஸ்டால் செய்தும் மாறவில்லை" என்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஜேஆர்இ (ஓட்ட மட்டும் உதவும் ஜாவா) பேக்கேஜை மட்டும் போட்டால் ஜாவாசி வராது. ஹெட்லெஸ் என்று பெயரில் இருப்பதைப் போட்டால் ஸ்விங் (ஜாவாவின் விண்டோ லைப்ரரி) விண்டோ திறக்காது. டெவலப்மென்டுக்கு முழு ஜேடிகே பேக்கேஜ்தான் வேண்டும்.

இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் சிக்கல் வேறு மாதிரி. ஜாவா 21-இல் கிரேடிலே ஓட வேண்டுமென்றால் அது 8.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பழைய ராப்பராக (ப்ராஜெக்டுக்கான கிரேடிலை டவுன்லோடு செய்து ஓட்டும் ஸ்கிரிப்ட்) இருந்தால் "கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65" என்று திட்டும். ராப்பரை அப்டேட் செய்யும் கமாண்டும் அதே எரரில் விழுந்துவிடுவதால், ராப்பரின் ப்ராபர்ட்டீஸ் ஃபைலைத் திறந்து, டவுன்லோடு முகவரியில் உள்ள வெர்ஷன் எண்ணைக் கையால் மாற்றுவதே குறுக்கு வழி. அதன் பிறகும் 17 என்றே சொன்னால், ஹோம் டைரக்டரியில் உள்ள கிரேடில் ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் யாராவது ஜாவா பாத்தை எழுதி வைத்திருக்கிறார்களா பாருங்கள். அது ஜாவா ஹோமையும் மிஞ்சும்.

எக்லிப்ஸ் (கோட் எழுதும் ஐடிஇ): இப்போதைய டவுன்லோடுகள் தமக்கான ஜேஆர்இ-யைக் கூடவே கொண்டுவருகின்றன. அதில் கைவைக்காமல், ப்ரிஃபரன்ஸஸில் இன்ஸ்டால்டு ஜேஆர்இஸ் பகுதியில் 21-ஐச் சேர்த்தாலே போதும். எக்லிப்ஸ் 2023-12 அல்லது புதியதாக இருக்க வேண்டும். எக்லிப்ஸையே வேறு ஜாவாவில் ஓட்டியாக வேண்டுமென்றால், eclipse.ini ஃபைலில் விஎம் (-vm) என்பது ஒரு வரி, பாத் அடுத்த வரி. இரண்டும் விஎம்ஆர்க்ஸ் (-vmargs) வரிக்கு மேலே. கீழே எழுதினால் சத்தமில்லாமல் வீணாகும்.

மெனு ஐகானை அழுத்தித் திறக்கும் புரோகிராம்களுக்குப் பேஷ்ஆர்சியில் எழுதியது எட்டாது. ஜாவா ஹோமை ப்ரொஃபைல் ஃபைலில் எழுதி, ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்று சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கமாண்ட்) போட்டு மேவனை ஓட்டாதீர்கள். சூடோ என்விரான்மென்டைத் துடைத்துவிடும், ஜாவா ஹோமும் போய்விடும். டார்கெட் ஃபோல்டர் ரூட் பெயரில் உருவாகி, அடுத்த சாதாரண பில்டில் பெர்மிஷன் எரர் வரும். அப்புறம் சௌன் (chown) போட்டு உரிமையை மீட்க வேண்டியிருக்கும்.