கம்பத்தைக் கழற்றி வைத்த மாதங்கள்

பல்லடம் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, “எப்பங்க கம்பம் தாண்ட விடுவீங்க?” என்பதுதான். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி (குதிரையை விதவிதமாக நடத்திக் காட்டும் போட்டி அது) தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் நமக்கு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம் அது. அப்புறம், “அந்த டிரெஸ்ஸாஜ் மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்” என்று வருகிறவர்களும் உண்டு. பையன் அதுவரை ஒரு குதிரையின் கழுத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானே அந்த வழியில் வந்தவன்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பள்ளிக்காக ஒரு காத்தியவார் பெண்குதிரையை வாங்கினோம். காது இரண்டும் நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பார்த்தாலே மயங்கிவிடுவோம். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று அரைமணி நேரம் ஆராய்ந்தோம். நாலு காலையும் தூக்கிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதுவரை அவள் வண்டிப் பந்தயத்தில் ஓடியவள். வேகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. மூன்றாவது மாதமே இரண்டரை அடியில் கம்பம் வைத்தேன். வளைவில் திரும்பிப் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்தவள் கம்பத்துக்கு நாலு எட்டு முன்னால் துள்ளுநடைக்கு இறங்கினாள். நான் விலாவில் காலை அழுத்தினேன். நின்றே விட்டாள். நான் மட்டும் தாண்டினேன். காறை எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு லாயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரை எல்லாரும் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம்.

“அதுக்கு நேரா ஓடறது ஒண்ணுதான் தெரியும் கண்ணு. திரும்பவே சொல்லிக் குடுக்காம தாண்டச் சொன்னா அது என்ன பண்ணும்?”

“நல்லாத்தானுங்க அப்பாரு ஓடுச்சு.”

“ஓடுச்சு. உங்கிட்ட எங்க ஓடுச்சு?”

யோசித்தால் விஷயம் வெளிச்சமாகத் தெரிந்தது. வண்டிக் குதிரைக்கு உத்தரவு பின்னாலிருந்து வரும், கடிவாளக் கயிறும் சாட்டையும்தான். விலாவில் கால் அழுத்தினால் என்ன அர்த்தம் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. பாய்ச்சலெடுத்தால் இழுத்துத் துள்ளுநடைக்கு இறக்கியே இவளைப் பழக்கியிருந்தார்கள். ஆக, கம்பத்தின் முன்னால் அவள் செய்தது அவளுக்குத் தெரிந்த நல்ல பழக்கத்தை. அதோடு, குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு இடம் கண்ணுக்கே தெரியாது. பழகாத ஆளை முதுகில் வைத்துக்கொண்டு எதை நம்பித் தாண்டுவாள்?

கம்பங்களை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு ஆறு மாதம் தரையிலேயே வேலை செய்தோம். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நட என்றால் நடப்பது, நில் என்றால் நிற்பது, ஓர் எட்டுப் பின்னால் வைப்பது, விரலால் தொட்டால் பின்புறத்தை நகர்த்துவது. அப்புறம் நீளக் கயிற்றில் 20 மீட்டர் வட்டம். இடப்பக்கம் ஒரு வாரத்தில் படிந்துவிட்டாள். வலப்பக்கம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு மாதம்.

எனக்கும் அது பள்ளிக்கூடம்தான். தாடைக்கு அடியில் நாடி பார்க்கக் கற்றேன், சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44. வெப்பம் செல்சியஸில் 37.5 முதல் 38.5. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது உள்ளே சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் தீவனத்தை நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடக் கற்றேன். (நம் ஊரில் பாசம் வந்தால் தவிட்டைத்தான் அள்ளிப் போடுவோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே முக்கியத் தீவனமாக்கினால் எலும்பு பலவீனமாகித் தாடை வீங்கும்.)

அடுத்த ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தபோது பக்கத்துத் தோட்டத்துச் சாக்கு ஒன்று படபடவென்று பறந்து வந்து அவள் காலில் விழுந்தது. உடம்பு முழுக்க விறைத்தது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. “சரி, நட” என்றேன். நடந்தாள். அதற்கு மறுநாள்தான் ஒரு கம்பத்தைத் தரையில் போட்டு அதன் மேல் நடக்கவிட்டேன்.

இப்போது என்னிடம் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் லாயம்தான். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போய்விடுகிறார்கள், கட்டண நஷ்டம் உண்டு, முதலாளி முகம் சுளிப்பதும் உண்டு. போன தையில் ஒரு பையனின் அப்பா, “இன்னிக்காவது தாண்டுவானுங்களா?” என்று வேலியோரம் நின்றார். பையன் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவன் நிமிராமலே, “இடது பின்னங்கால் சுடுதுங்கப்பா. இன்னிக்கு வேண்டாம்” என்றான். நானும் தொட்டுப் பார்த்தேன். மற்ற மூன்றையும் தொட்ட பிறகுதான் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. முந்தின நாள்தான் லாடம் அடித்திருந்தோம். சாயங்காலம் லாடக்காரர் வந்து, குளம்பின் உள்சதையை நெருக்கி இறங்கியிருந்த மூன்றாவது ஆணியைப் பிடுங்கிய பிறகு குதிரை அந்தக் காலை முழுசாக ஊன்றியது.